மிட்ஜெட் கார் பந்தய வரலாற்றுப் புத்தகங்கள்: சேலத்து வாசகர் எதை முதலில் வாங்கலாம்?

மிட்ஜெட் என்ற குட்டிப் பந்தயக் காரின் வரலாறு பற்றி ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், வீரர்களின் கதையை விட்டுவிட்டு எஞ்சினின் கதையை வாங்குங்கள். கார்டன் எலியட் ஒயிட் எழுதி 1996-இல் வெளிவந்த 'ஆஃபன்ஹவுசர்' தான் முதல் இடம். அடுத்து அதே ஆசிரியரின் 'கர்டிஸ்-கிராஃப்ட்'. மூன்றாவது, படங்களுக்காக ஜாக் சி. ஃபாக்ஸின் 'தி மைட்டி மிட்ஜெட்ஸ்'. இதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசைக்கு வாங்குவது. எல்லாமே ஆங்கிலம், எல்லாமே வெளிநாட்டுப் பதிப்பு, பெரும்பாலும் பழைய பிரதிதான் கிடைக்கும். ஆகவே தப்பாக வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் பேச்சே கிடையாது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எஞ்சின் புத்தகத்தை முன்னால் வைப்பதற்கு இந்த வட்டாரமும் ஒரு காரணம். சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் லாரியோடு வளர்ந்த ஊர்கள். கிரவுன் பினியன் என்றால் என்ன, ரீபோர் எப்போது போட வேண்டும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோ-கார்ட் கட்டிப் போட்டிக்குப் போகும் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் கையில் யார் எந்த ஆண்டில் கோப்பை வாங்கினார் என்ற பட்டியலைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் மூடி வைத்துவிடுவார்கள். அந்தக் கோப்பைக்குப் பின்னால் என்ன எஞ்சின், என்ன செலவு, எது உடைந்தது என்று எழுதிய புத்தகம்தான் பட்டறையில் தங்கும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மிட்ஜெட் என்பது ஒற்றை இருக்கை, திறந்த சக்கரம், முன்பக்க எஞ்சின் கொண்ட குட்டிப் பந்தயக் கார். கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் மண் வட்டத்தில் இடப்பக்கமாகவே திரும்பி ஓடும். இன்றைய கார் 400 கிலோவைச் சுற்றித்தான் எடை. சக்தியோ 300 குதிரைத்திறனைத் தாண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. நம் காரில் இருப்பது போன்ற கியர்பாக்ஸும் கிடையாது. பின்னாலிருந்து வண்டியை வைத்துத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்வார்கள்.

வார நிகழ்ச்சியாக இந்தப் பந்தயம் 1933 ஆகஸ்ட் 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் லயோலா உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் தொடங்கியது. அதற்கு முன்பே 1933 ஜூன் 4 அன்று முதல் ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயம் நடந்துவிட்டது. இந்த இரண்டு தேதிகளையும் ஒன்றாகக் குழப்பும் புத்தகங்கள் ஏராளம். கையில் எடுத்த புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இந்தத் தேதிகளைத் தேடுங்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால் ஆசிரியர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியிருக்கிறார் என்று நம்பலாம். "1930களில் எங்கோ தொடங்கியது" என்று ஒற்றை வரியில் தாண்டியிருந்தால், மீதிப் பக்கங்களும் அப்படித்தான் இருக்கும்.

இனி 'ஆஃபன்ஹவுசர்'. ஹாரி மில்லர், ஃப்ரெட் ஆஃபன்ஹவுசர், வரைபடக்காரர் லியோ கூசன் ஆகிய மூவரைச் சுற்றி எழுந்த பந்தய எஞ்சின் பட்டறையின் வரலாறு இது. மில்லர் 1933-இல் திவாலானார். அவருடைய பட்டறைத் தலைவராக இருந்த ஆஃபன்ஹவுசர் தொழிலைக் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டே, 1934-இல், மிட்ஜெட்டுக்கென்றே 97 கன அங்குல நான்கு சிலிண்டர் எஞ்சின் வந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 1590 சிசி. அதே 1934-இல் எண்ணெய் வியாபாரி ஏர்ல் கில்மோர் லாஸ் ஏஞ்சல்ஸில் கில்மோர் ஸ்டேடியத்தைத் திறந்தார். மிட்ஜெட்டை மனதில் வைத்தே போட்ட கால் மைல் ஓடுதளம் அது. எஞ்சினும் மைதானமும் ஒரே ஆண்டில், ஒரே ஊரில். இந்தப் பந்தயம் கிளை விட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஆஃபி என்று எல்லோரும் செல்லமாகச் சொல்லும் இந்த எஞ்சினைப் பற்றிப் படிக்கும்போது பட்டறைக்காரர் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் அதன் பிளாக். ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு. ஹெட் கேஸ்கெட் என்ற ஒன்றே இல்லை. பந்தய எரிபொருளான மெத்தனாலில் கம்ப்ரஷனை எவ்வளவு ஏற்றினாலும் கேஸ்கெட் ஊதிப்போகும் பயம் கிடையாது. அதற்கு விலையும் உண்டு. வால்வ் வேலை பார்க்க வேண்டுமென்றால் ஹெட்டைக் கழற்ற முடியாது. முழு பிளாக்கையும் கிராங்க் கேஸிலிருந்து தூக்கி, வால்வைச் சிலிண்டர் வழியாகக் கீழே எடுக்க வேண்டும். சீட்டை வெட்டுவதும் அந்த ஓட்டை வழியாகத்தான். கிராங்க் கேஸ் பீப்பாய் போல முழுசாக வார்த்தது. மெயின் பேரிங்குகளைத் தாங்கும் தட்டுகளைக் கிராங்கோடு சேர்த்து முனையிலிருந்து உள்ளே நுழைப்பார்கள். அடியில் பேரிங் கேப் கழற்றிப் பழகிய கைக்கு இது முதலில் தலைகீழாகத் தெரியும். கிராங்கைச் சுற்றி நாலு பக்கமும் உலோகம் இருப்பதால் வளைவதற்கு இடமில்லை என்று புரிந்ததும், இந்த எஞ்சின் குடும்பம் ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பதும் புரிந்துவிடும். 1946-இல் நிறுவனம் லூ மேயர், டேல் டிரேக் கைக்கு மாறியது. இந்தக் குடும்பத்து எஞ்சின், அமெரிக்காவின் பெரிய 500 மைல் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-ஐக் கடைசியாக வென்றது 1976-இல்.

வரலாற்றுப் புத்தகங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது பணம். மிட்ஜெட் பந்தயம் தொடங்கியதே மலிவு என்பதால்தான். பொருளாதார மந்த காலம்; பெரிய கார் கட்ட யாரிடமும் காசு இல்லை. படகு மோட்டார், மோட்டார் சைக்கிள் எஞ்சின் என்று கிடைத்ததைப் போட்டு ஓட்டினார்கள். எல்டோ என்ற நான்கு சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் படகு மோட்டார் அப்போது பிரபலம். ஆஃபி வந்ததும் கதை மாறியது. காசு உள்ளவன் ஆஃபி வாங்கினான், மற்றவன் பின்னால் ஓடினான். இந்த இடைவெளியை நிரப்ப வந்தது ஃபோர்டின் சின்ன வி8. 1937-இல் சாதாரண காருக்காக வெளியிட்டது. 136 கன அங்குலம், 60 குதிரைத்திறன். அதனாலேயே பெயர் வி8-60. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், பாகம் கிடைக்கும், கழற்றி மாட்ட எளிது. ஆனால் பக்கவாட்டு வால்வ் எஞ்சின். எக்ஸாஸ்ட் வாயு பிளாக்கின் தண்ணீர் உறைக்குள் புகுந்து வெளியேறுவதால் சூடு ஏறும். கன அளவு கூடுதலாக இருந்தும் நல்ல ஆஃபியோடு நேருக்கு நேர் நிற்பது கஷ்டம்.

கலிஃபோர்னியாவின் யுஆர்ஏ அமைப்பு இதற்கு ஒரு தீர்வு கண்டது. ஆஃபிகளுக்குச் சிவப்புச் சுற்று, ஆஃபி அல்லாதவைக்கு நீலச் சுற்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் புத்தகத்தின் பின்னிணைப்பில் சொல் அட்டவணை இருந்தால் இந்தச் சிவப்பு, நீலச் சுற்றுகளைத் தேடுங்கள். இல்லையென்றால், அந்தப் புத்தகம் பந்தயத்தின் பொருளாதாரத்தைத் தொடவே இல்லை. நம் பக்கத்திலேயே இதற்கு ஒப்பிட ஆள் உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை ஒற்றை இருக்கைக் காரில் போட்டு ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்ததும் இதே கணக்குதான். எல்லோருக்கும் ஒரே மலிவு எஞ்சின் என்றால் திறமை வெளியே வரும். நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகிய வகுப்புகளில் அதுவும் ஒன்று.

அட்டவணையில் கொடுத்த எஞ்சின் அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம். போர் அளவை, அதாவது சிலிண்டரின் விட்டத்தை, அதே எண்ணால் பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக்கால் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வி8-60க்குப் போர் 2.6 அங்குலம், ஸ்ட்ரோக் 3.2 அங்குலம், எட்டு சிலிண்டர், 135.9 வரும், சரி. கன அங்குலத்தைச் சிசி ஆக்க 16.39-ஆல் பெருக்கினால் போதும். பழகிக்கொள்ள மாருதி 800-ஐயே போட்டுப் பாருங்கள்: 68.5 மில்லிமீட்டர் போர், 72 ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர். மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக்கிக் கணக்கிட்டால் 796 சிசி. ஒரு பக்கத்தில் இரண்டு எண்கள் இப்படிப் பொருந்தாமல் போனால் அந்த அட்டவணை வேறெங்கிருந்தோ பார்த்து எழுதியது.

'கர்டிஸ்-கிராஃப்ட்' சட்டகத்தின் வரலாறு. ஃப்ராங்க் கர்டிஸுக்கு முன்னால் மிட்ஜெட் என்றால் பெரும்பாலும் பழைய காரின் சேஸிஸ் ரெயிலை வெட்டி ஒட்டியதுதான். கர்டிஸ் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரும்புக் குழாய்ச் சட்டகத்தை வரிசையாக உற்பத்தி செய்தார். முழுக் காராகவும் விற்றார், வாங்குபவரே கோக்கும் தனிப் பாகத் தொகுப்பாகவும் விற்றார்; இரண்டும் நூற்றுக்கணக்கில். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தொகுப்பை வாங்கிக் கோத்தது, அதைப் பார்த்து வேறொருவர் அடித்த நகல், கர்டிஸ் பட்டறையிலிருந்தே வந்தது என மூன்றும் படத்தில் ஒன்று போலவே தெரியும். படக்குறிப்பில் வெறுமனே 'கர்டிஸ்' என்று போட்டிருந்தால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படிப்பட்ட நுணுக்கத்துக்குத்தான் தனிப் புத்தகம் வேண்டியிருக்கிறது. மிட்ஜெட்டில் தேறிய கர்டிஸின் கை இண்டியானாபொலிஸ் 500-க்கும் போனது. 1950, 1951, 1953, 1954, 1955 என ஐந்து ஆண்டுகள் அவர் கட்டிய கார் வென்றது. அதில் 1953, 1954 இரண்டையும் ஓட்டியவர் பில் வுக்கோவிச். அவரும் மிட்ஜெட்டில் இருந்து வந்தவர்தான்.

லாரி வேலை தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும் ஒரு பாகம் இந்தக் கார்களின் பின் ஆக்ஸிலில் இருக்கிறது. கியர்பாக்ஸ் இல்லாத வண்டியில், ஓடுதளத்துக்கு ஓடுதளம் ரேஷியோவை எப்படி மாற்றுவது? டெட் ஹாலிபிராண்ட் பிரபலமாக்கிய குயிக்-சேஞ்ச் ஆக்ஸில் அதைத் தீர்த்தது. கிரவுன் பினியனைத் தொடவே வேண்டாம். பின்மூடியைத் திறந்தால் இரண்டு ஸ்பர் கியர்கள்; அவற்றை வேறு பல் எண்ணிக்கையுள்ள ஜோடியாக மாற்றினால் ரேஷியோ மாறிவிடும். அதே இரண்டையும் மேலும் கீழும் இடம் மாற்றிப் போட்டால் இன்னொரு ரேஷியோ. கவனிக்க வேண்டியது எண்ணெய். மூடியைத் திறக்கும்போது கொட்டும். திரும்ப ஊற்ற மறந்தால் சில சுற்றுகளில் கியர் நீலம் பூத்துவிடும். ஹாலிபிராண்டின் மக்னீசியம் சக்கரங்களைப் பற்றிப் படிக்கும்போது சேலத்துக்காரருக்கு வெள்ளைக்கல் சுரங்கம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இங்கே எடுக்கும் மேக்னசைட் உலைச் செங்கலுக்குப் போகிறது, சக்கரத்துக்கு அல்ல.

இந்தப் புத்தகங்களின் பொதுவான குறை, கார் ஏன் அப்படித் திரும்புகிறது என்று சொல்லாததுதான். பின் ஆக்ஸில் ஒரே தண்டு, டிஃபரன்ஷியல் கிடையாது. இடப்பக்கம் திரும்பும்போது வலச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். வளைவின் ஆரம் 20 மீட்டர், இரு பின் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் என்று வைத்தால், வலச் சக்கரம் சுமார் 6 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது. அதனால் வலப்பக்க டயரைச் சுற்றளவில் பெரிதாகப் போடுவார்கள். மண்ணில் டயர் வழுக்குவதால் கணக்கில் வரும் முழு அளவும் தேவைப்படாது. நேர்ப்பாதையில் வண்டி இடப்பக்கம் இழுக்கும் என்பதால் மிகையாகப் போடவும் கூடாது. இந்த ஒரு பத்தி இருந்திருந்தால் பல புத்தகங்களின் படங்கள் இன்னும் நன்றாகப் புரியும்.

எரிபொருளும் அப்படித்தான். மெத்தனால் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால் மெத்தனாலுக்கு 6.4 பங்கு போதும். அப்படியானால் அதே காற்றுக்கு இருமடங்குக்கு மேல் எரிபொருள் ஊற்ற வேண்டும். ஜெட், பம்ப், டேங்க் எல்லாம் பெரிதாகும். ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் எஞ்சின் குளிரும், கம்ப்ரஷனை ஏற்றலாம். ஆனால் ஈரத்தை இழுக்கும், அலுமினியத்தை அரிக்கும்; பந்தயம் முடிந்ததும் குழாய்களைக் கழுவ வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. ஸ்டூவர்ட் ஹில்போர்னின் இயந்திர ஃப்யூயல் இன்ஜெக்ஷன் 1940களின் இறுதியில் கார்புரேட்டரை ஓரம் கட்டத் தொடங்கியதற்கும் இந்த அளவுப் பிரச்சினைக்கும் தொடர்பு உண்டு. 'ஆஃபன்ஹவுசர்' படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் எஞ்சின் படங்கள் பேசத் தொடங்கும்.

மில்லரைப் பற்றி மார்க் டீஸ் எழுதிய 'தி மில்லர் டைனஸ்டி' இன்னொரு பெரிய புத்தகம். ஆழமானது, விலையும் அப்படியே. மிட்ஜெட்டுக்காக மட்டும் வாங்குவது வீண். ஆஃபியின் தாத்தா யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மட்டும் போகட்டும்.

'தி மைட்டி மிட்ஜெட்ஸ்' படப் புத்தகம். முதல் கால்நூற்றாண்டின் கார்களை முகம் முகமாகப் பார்க்க இதைப் போல வேறில்லை. பொதுவாகப் படப் புத்தகம் வாங்கும்போது படக்குறிப்பைச் சோதிக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுநரின் தலையைச் சுற்றி முழு இரும்புக் கூண்டு இருந்தால் அது 1970களை ஒட்டியோ அதற்குப் பின்னோ எடுத்தது. குறிப்பில் 1950 என்று இருந்தால் பிழை. எஞ்சின் பக்கத்தில் வாய் அகன்ற இன்ஜெக்ஷன் குழாய்கள் நிமிர்ந்து நின்றால் போருக்கு முந்தைய படம் அல்ல. கார்கள் வலச்சுற்றாக ஓடுவது போலத் தெரிந்தால் பெரும்பாலும் நெகட்டிவ் திருப்பிப் போடப்பட்டிருக்கும். கார் எண்ணையும் விளம்பரப் பலகையையும் பார்த்தால் எழுத்து தலைமாறியிருப்பது தெரியும். 1942 ஆகஸ்ட் முதல் 1945 நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பந்தயமே தடைசெய்யப்பட்டிருந்தது. அந்த இடைவெளியில் தேதியிட்ட பந்தயப் படம் கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தில் மற்ற குறிப்புகளையும் சந்தேகப்படுங்கள்.

தடை நீங்கியதும் வந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான் இந்தப் பந்தயத்தின் பொற்காலம். வாரத்தில் ஏழு இரவும் எங்கோ ஒரு ஊரில் பந்தயம். சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட், பாசடீனா ரோஸ் பௌல் போன்ற கால்பந்து மைதானங்களில்கூட ஓடினார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது, சாதாரணக் கார் உருவில் ஓடும் ஸ்டாக் கார் பந்தயம் வந்தது, ஆஃபியின் விலை ஏறியது, கூட்டம் கரைந்தது. 1950களின் தொடக்கத்தில் கில்மோர் ஸ்டேடியத்தையே இடித்துவிட்டு அங்கே சிபிஎஸ் தொலைக்காட்சி நிலையம் கட்டினார்கள். இதைவிடச் சுருக்கமாக அந்தச் சரிவைச் சொல்ல முடியாது. இப்படி மறைந்த ஓடுதளங்களுக்கென்று ஒயிட் தனியாக 'லாஸ்ட் ரேஸ் டிராக்ஸ்' என்று ஒரு படப் புத்தகம் போட்டிருக்கிறார். நூலகத்தில் கிடைத்தால் பார்க்கலாம். வாங்க அவசரம் இல்லை.

வீரர்களின் வரலாறுகளை எடைபோட மூன்று பெயர் போதும். முதலாவது ரோட்ஜர் வார்டு. 1959 ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் ராக் ஓடுதளத்தில் ஆஃபி மிட்ஜெட்டை ஓட்டி, ஆஸ்டன் மார்ட்டின், மசராட்டி போன்ற ஐரோப்பியக் கார்களைத் தோற்கடித்தார். அந்த மயக்கத்தில் அதே ஆண்டு டிசம்பரில் செப்ரிங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயமான அமெரிக்க கிராண்ட் பிரிக்ஸுக்கும் மிட்ஜெட்டையே கொண்டுபோனார். கடைசி இடத்திலிருந்து புறப்பட்டு, கிளட்ச் போய் வெளியேறினார். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கும் புத்தகம் ரசிகர் எழுதியது. இரண்டையும் சொல்லி, காரணத்தையும் சொன்னால் நல்ல புத்தகம். லைம் ராக் 1.5 மைல்தான், எடை குறைந்த, கீழ் வேகத்தில் இழுவை மிகுந்த வண்டிக்கு ஏற்றது. செப்ரிங் 5.2 மைல், நீண்ட நேர்ப்பாதைகள். அங்கே மிட்ஜெட்டின் உச்ச வேகமும் பிரேக்கும் போதவில்லை.

இரண்டாவது மெல் கென்யன். 1965-இல் லாங்ஹார்ன் ஓடுதளத்தில் நடந்த விபத்துத் தீயில் இடது கை விரல்களை இழந்தவர். கையுறையில் ஒரு குழியும் ஸ்டியரிங் வீலில் அதற்குப் பொருந்தும் முளையும் வைத்துத் திரும்ப ஓட்டினார். அமெரிக்கப் பந்தய அமைப்பான யுசாக்கின் தேசிய மிட்ஜெட் பட்டம் மொத்தம் ஏழு. அதில் முதலாவது மட்டும் விபத்துக்கு முன், 1964-இல். கையுறை அமைப்பை விளக்காமல் தன்னம்பிக்கை உரையாக நீட்டினால் அந்தப் புத்தகத்தை விட்டுவிடலாம். மூன்றாவது டோனி ஸ்டூவர்ட். 1995-இல் யுசாக்கின் மிட்ஜெட், அதைவிடப் பெரிய கார்களுக்கான ஸ்பிரின்ட், சில்வர் கிரவுன் மூன்று பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றவர். அவரைப் பற்றிய புத்தகங்கள் நாஸ்கார் என்ற ஸ்டாக் கார் பந்தயத்துக்கு ஓடிவிடும். மிட்ஜெட்டுக்கு ஒதுக்கிய பக்கங்களை எண்ணிவிட்டு வாங்குங்கள்.

பட்டங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'தேசியச் சாம்பியன்' என்று எழுதியிருந்தால் எந்த அமைப்பின் பட்டம் என்று பாருங்கள். 1955 வரை ஏஏஏ, 1956 முதல் யுசாக். மேற்கே யுஆர்ஏ, கிழக்கே ஏஆர்டிசி என்று வட்டார அமைப்புகள் தனி. அமைப்பின் பெயர் இல்லாத பட்டத்துக்கு மதிப்பு இல்லை.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தப் பந்தயம் 1934 டிசம்பரில் மெல்பர்ன் ஒலிம்பிக் பார்க் வழியாகப் போனது. அங்கே இதை ஸ்பீட்கார் என்பார்கள். இங்கிலாந்தில் ஸ்கிரோ என்பவர் ஜேஏபி மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் போட்டு, செயின் வழியாக நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்த காரைக் கட்டினார். செயினுக்கு எண்ணெய் போட வேண்டிய, இழுவிசை தாங்க வேண்டிய இடங்களை யோசித்தாலே அதை ஓட்டியவர்களின் பொறுமை தெரியும். அமெரிக்கப் புத்தகங்கள் இதையெல்லாம் ஒரு பத்தியில் கடந்துவிடும். ஸ்கிரோ கார் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் புத்தகம் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

இனி வாங்கும் வேலை. இணையத்தில் 'மிட்ஜெட்' என்று தேடினால் பாதிக்கு மேல் எம்ஜி மிட்ஜெட் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பழுதுபார்ப்புக் கையேடுகள் வரும். குவார்ட்டர் மிட்ஜெட் என்பது சிறுவர்கள் ஓட்டும் இன்னும் சின்னக் கார். டிக்யூ என்பது முக்கால் அளவு. மூன்றுமே வேறு. சேலத்துக்காரருக்கு மட்டுமே உள்ள இன்னொரு தலைவலி: ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தேடினால் இண்டியானா மாநிலத்தின் சேலம் ஸ்பீட்வே வந்து நிற்கும். 1947-இல் திறந்த, செங்குத்தாகச் சாய்ந்த அரை மைல் ஓடுதளம். 1955-இல் இண்டியானாபொலிஸை வென்ற பாப் ஸ்வெய்கெர்ட் 1956-இலும், மிட்ஜெட்டில் பல பட்டம் வாங்கி 1987-இல் சில்லி பௌல் என்ற உள்ளரங்க மிட்ஜெட் பந்தயத்தை முதல் முறை நடந்தபோதே வென்ற ரிச் வோக்லர் 1990-இலும் அங்கேதான் இறந்தார்கள். அந்த ஓடுதளத்தைப் பற்றிய புத்தகம் தெரிந்தே வாங்கினால் சரி. நம்மூர் என்று நினைத்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

பெரிய அளவுப் படப் புத்தகம் ஒன்றரை, இரண்டு கிலோ எடை இருக்கும். அமெரிக்காவிலிருந்து மலிவான கப்பல் தபால் 2007-லேயே நின்றுவிட்டது. எல்லாம் விமானத்தில்தான் வருகிறது. தபால் கட்டணம் புத்தக விலையைத் தாண்டுவது சாதாரணம். எனவே ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்குங்கள். 2019 மத்திய பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீத சுங்க வரி போடப்பட்டது. பார்சல் மேல் 'அச்சிட்ட புத்தகம்' என்று தெளிவாக எழுதி, விலைச் சீட்டை வெளியே ஒட்டச் சொல்லுங்கள். 'கார் பொருள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வரிக் கணக்கு வேறு வழியில் போகும், பார்சலும் தாமதமாகும். வாங்கும் முன் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒருமுறை தேடிவிடுங்கள். 1934-இல் தொடங்கிய நேஷனல் ஸ்பீட் ஸ்போர்ட் நியூஸ் வார இதழின் பழைய பிரதிகள் எங்கேனும் கிடைத்தால் விடாதீர்கள். புத்தகங்களில் உள்ள பல முடிவுப் பட்டியல்களுக்கு அதுபோன்ற இதழ்கள்தான் ஊற்று.

வைக்கும் இடமும் முக்கியம். ஏற்காட்டில் வீடு இருக்கிறது, புத்தகங்களை அங்கே அடுக்கலாம் என்று நினைத்தால் ஐப்பசி, கார்த்திகையை நினைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். படப் புத்தகத்தின் வழவழ காகிதம் ஈரம் பட்டுக் காய்ந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து வரும். கண்ணாடி அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், மாதம் ஒருமுறை வெயில் நாளில் திறந்து காற்றாட விடுவது என்று இருந்தால் தப்பும். சுவரை ஒட்டி அலமாரியை வைக்க வேண்டாம். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கீழே சேலத்தில் பிரச்சினை நேர்மாறு. மே மாத வெப்பத்தில் பசை மட்டும் போட்டு ஒட்டிய முதுகு காய்ந்து, விரித்த இடத்தில் விரிசல் விடும். நூல் தைத்த பிரதி கிடைத்தால் கூடுதலாகக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள்.

பழைய பிரதி கைக்கு வந்ததும் படங்களைப் பார்த்து மயங்கும் முன், பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிவிடுங்கள். நல்ல கார் படங்களைக் கத்தரித்துச் சட்டம் போட்டுத் தனியாக விற்கும் பழக்கம் உண்டு. முதுகை ஒட்டி அரை விரல் அகலத்துக்கு வெட்டிய காகித ஓரம் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நின்றால் அன்றைக்கே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். பல தளங்களில் புகார் கொடுக்க நாள் கணக்கு உண்டு.